குவில்ட் ப்ளாக்கின் நடுவில் மேடு தட்டுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துண்டுத் துணிகளைச் சேர்த்து குவில்ட் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்க ஆரம்பித்த தோழிகள் ஒரே படத்தைத்தான் எனக்குத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். ஒரு ப்ளாக் (துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரம், இப்படிப் பல சேர்ந்ததுதான் குவில்ட்டின் மேல்துணி), அதன் நடுவில் ஒரு விரல், "அக்கா, இந்த இடம் மட்டும் படியவே மாட்டேங்குது." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். தையலுக்காக விடும் கால் இஞ்ச் துணியை எல்லா இடத்திலும் "ஓரம்" என்றே சொல்லப் போகிறேன். சில பதில்கள் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடுன்னு எதைச் சொல்றீங்க? என் ப்ளாக் பார்க்க நல்லாத்தானே இருக்கு?

ப்ளாக்கைக் கவிழ்த்து வைக்காமல், நல்ல பக்கம் மேலே இருக்கும்படி மேஜையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். நாலு துண்டுகளும் சேரும் இடத்தில் ஒரு மிளகு அளவுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் அதுதான் மேடு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், பின்னால் பஞ்சும் அடித்துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது, துணியை அமுக்கிப் பிடிக்கும் மெஷின் கால் அந்த இடத்தில் தடுக்கும், தையல் குட்டியாகிக் குவியும், சில சமயம் ஊசியே உடையும்.

இன்னொரு வகை இருக்கிறது, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விரலால் அமுக்கினால் கெட்டியாக இல்லாமல் காற்றுப் பை போல உள்ளே போய்த் திரும்ப எழும்பினால் அது மேடு இல்லை, அங்கே துணி மிச்சமாக இருக்கிறது. அதற்குக் காரணமும் வேறு, மருந்தும் வேறு. கீழே "தொப்பி" கேள்வியில் அதைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

நாலே துண்டுதானே சேருது, அதுக்குப் போய் இவ்வளவு தடிமனா?

இந்தக் கேள்வி புரிந்துவிட்டால் மீதிப் பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன். நாலு கட்டம் சேரும் புள்ளியைச் சுற்றிக் கால் இஞ்ச் அகலத்தில் நாலு குட்டி மூலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சதுரத்துக்கும் அங்கே நாலு குட்டித் துணிப் பகுதிகள் உண்டு: வெளியே தெரியும் மூலை ஒன்று, உள்ளே மடியும் ஓரங்களில் மூன்று. நாலு சதுரம், நாலு பகுதி, ஆகப் பதினாறு அடுக்கு. என்ன வித்தை காட்டினாலும் இந்தப் பதினாறு குறையப் போவதில்லை. அதை நாலு மூலைகளுக்கும் எப்படிப் பங்கு வைக்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

நாலு சதுரத்தை முதலில் இரண்டிரண்டாகத் தைத்து மேல் வரிசை, கீழ் வரிசை ஆக்குகிறோம், கடைசியில் இரண்டு வரிசையையும் ஒரு நீளத் தையலால் சேர்க்கிறோம். தையலின் இரண்டு ஓரத்தையும் ஒரே பக்கம் மடித்தால் அது சாய்ப்பது, ஆளுக்கொரு பக்கம் மடித்தால் அது விரிப்பது. மேல் வரிசைத் தையலையும் கீழ் வரிசைத் தையலையும் ஒரே பக்கம் சாய்த்துத் தைத்துவிட்டு, கடைசித் தையலையும் ஒரு பக்கமாகச் சாய்த்தால் பங்கு 9, 3, 3, 1. அதாவது ஒரு மூலையில் ஒன்பது அடுக்கு, எதிர்மூலையில் ஒன்றே ஒன்று. மேல் வரிசையை இடது பக்கமும் கீழ் வரிசையை வலது பக்கமும் சாய்த்திருந்தால் 7, 5, 3, 1. எல்லாவற்றையும் விரித்து வைத்தாலோ, ஒரே திசையில் சுழற்றி விட்டாலோ (எப்படி என்று கீழே வரும்) 4, 4, 4, 4. நம்பிக்கை இல்லையென்றால் பழைய நோட்டுத் தாளில் நாலு சதுரம் வெட்டி ஒட்டி மடித்து எண்ணிப் பாருங்கள். நான் அப்படித்தான் நம்பினேன். ஆக, விரலில் தட்டுவது அந்த ஒன்பதும் ஏழும்தான். பக்கத்திலேயே ஒற்றை அடுக்கு இருப்பதால் அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

ஓங்கி ஓங்கித் தேய்க்கிறேன், அப்பவும் அடங்கலையே?

நம் மொழியில் அந்த வேலைக்குப் பேரே "தேய்ப்பது" என்பதால் வந்த வினை. வேட்டி சட்டைக்குத் தேய்க்கலாம், குவில்ட் ப்ளாக்கைத் தேய்க்கவே கூடாது. இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துங்கள், தூக்குங்கள், அடுத்த இடத்தில் வையுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் மேடு அப்படியே இருக்கும், சுற்றியுள்ள துணிதான் இழுபட்டுக் கோணிக்கொள்ளும்.

வரிசை இதுதான். தைத்து முடித்ததும் துண்டுகளை விரிக்காமல், தைத்தது தைத்தபடியே, தையல் மேல் ஒரு முறை அழுத்துங்கள். நூல் துணிக்குள் உட்காரும். அப்புறம் விரித்து, நகத்தால் தையல் வழியே ஒரு கோடு இழுத்து, நல்ல பக்கத்திலிருந்து அழுத்துங்கள். அடியில் மடித்த கம்பளியோ தடித்த போர்வையோ வேண்டாம். மெத்தென்ற இடத்தில் மேடு கீழே புதைந்து ஒளிந்துகொண்டு, நீங்கள் எடுத்ததும் மறுபடி எழும்பிவிடும். மேஜை மேல் பருத்தி வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டால் போதும்.

சூடாக இருக்கும்போதே மேலே ஒரு மரக்கட்டையை வைத்துப் பத்துப் பதினைந்து விநாடி விடுவதுதான் நிஜமாகவே வித்தியாசம் தெரியும் வேலை. மரம் சூட்டையும் ஆவியையும் இழுத்துக்கொள்ளும், துணி படிந்த நிலையிலேயே ஆறும். இதற்கென்றே விலைக்குக் கட்டைகள் விற்கிறார்கள். வார்னிஷ் அடிக்காத, மாவு படாத புதுச் சப்பாத்திப் பலகையைக் கவிழ்த்து வைத்தாலும் அதே வேலை நடக்கிறது (என் வீட்டில் இப்போது பலகை இரண்டு, எது எதற்கு என்று பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்). ஆனால் ஒன்று: ஒன்பது அடுக்கு ஓரிடத்தில் குவிந்திருந்தால் எந்தப் பெட்டியாலும் அதை நாலாக்க முடியாது.

ஓரத்தை ஒரு பக்கமா சாய்க்கணுமா, விரிச்சு வைக்கணுமா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

இரண்டும் சரிதான், எங்கே எது என்பதுதான் விஷயம். ஒரு பக்கமாகச் சாய்த்தால் தையல் உறுதியாக இருக்கும். இரண்டு வரிசையை எதிரெதிராகச் சாய்த்துவிட்டு ஒன்றன் மேல் ஒன்று வைத்தால், இரண்டு மடிப்பும் பூட்டும் சாவியும் மாதிரி ஒன்றோடொன்று முட்டி நிற்கும், குண்டூசிகூடத் தேவைப்படாது, நடுப்புள்ளி தானாகச் சேரும். அடர்நிறத் துணி பக்கமாகவே எப்போதும் சாய்ப்பது என்று வைத்துக்கொண்டால், கட்டம்போட்ட நாலு துண்டு ப்ளாக்கில் இந்த எதிரெதிர்த் திசை கேட்காமலே அமைந்துவிடும்.

விரித்து வைத்தால் தடிமன் குறையும், ஆனால் இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் வெறும் நூல்தான் பாலமாக நிற்கும். அதனால் தையலைச் சிறிதாக்குங்கள், 2 மில்லிமீட்டருக்கு மேல் போகவேண்டாம். பிறகு குவில்ட் தைக்கும்போது அந்தத் தையல் பள்ளத்திலேயே ஊசியை ஓட்டுவதையும் தவிருங்கள், நூல் அறுபடும். என் பழக்கம்: சதுரங்கள் மட்டும் சேரும் ப்ளாக்குக்குச் சாய்த்துச் சுழற்றுவேன். எட்டு முனைகள் ஓரிடத்தில் சேரும் ப்ளாக்காக இருந்து துணியும் தடிமனாக இருந்தால் விரித்துவிடுவேன்.

"சுழற்றி விடு"ன்னு சொல்றாங்களே, எதைப் பிரிக்கணும்? பிரிச்சா நடுவுல ஓட்டை விழாதா?

விழாது. பயப்படாமல் இருக்க, முதலில் எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்: கடைசியாகப் போட்ட நீளத் தையலை, அதாவது இரண்டு வரிசைகளைச் சேர்த்த தையலை, ஒரு கண்ணிகூடப் பிரிக்கக் கூடாது. நாம் பிரிப்பது அந்தத் தையலுக்கு வெளியே, ஓரத்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும் முதல் தையலின் நுனியை. கால் இஞ்ச் என்பது ஆறு மில்லிமீட்டர் சொச்சம், தையல் 2 மில்லிமீட்டர் என்றால் அங்கே இருப்பதே மூன்று கண்ணிதான். அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ப்ளாக்கின் பலத்துக்கு ஒன்றும் ஆகாது. நீளத் தையல் குறுக்கே ஓடி முதல் தையலை ஏற்கெனவே பூட்டிவிட்டது, அதற்கு மேல் பிரியாது.

செய்முறை: ப்ளாக்கின் பின்பக்கம் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். நீளத் தையலின் ஓரத்தை நிமிர்த்திப் பிடித்தால், அதன் ஒரு முகத்தில் மேல் வரிசைத் தையலின் நுனி தெரியும், மறுமுகத்தில் கீழ் வரிசையின் நுனி. தையல் பிரிக்கும் ஊசியால் இரண்டு பக்கமும் அந்த மூன்று கண்ணிகளை மட்டும் எடுங்கள், நீளத் தையலுக்கு வந்ததும் நின்றுவிடுங்கள். இப்போது நடுவில் பெருவிரலை வைத்து, நீளத் தையலின் இடது பாதி ஓரத்தைக் கீழேயும் வலது பாதியை மேலேயும் தள்ளுங்கள். முரண்டு பிடித்தால் திசையை மாற்றுங்கள், இடது மேலே, வலது கீழே. சரியான திசையில் நடு தானாக மலர்ந்து, கால் இஞ்ச் கட்டம் நாலு சேர்ந்த குட்டி ப்ளாக் ஒன்று பின்னால் தெரியும். ரவுண்டானாவில் எல்லா வண்டியும் ஒரே பக்கமாகச் சுற்றிப் போகிற மாதிரி நாலு ஓரங்களும் ஒரே திசையில் படுத்திருந்தால் வேலை முடிந்தது, மேலே சொன்னபடி அழுத்திக் கட்டை வையுங்கள்.

இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. எல்லா ப்ளாக்கையும் ஒரே திசையில் சுழற்றியிருந்தால், ஒரு ப்ளாக்கின் கீழ்ப்பக்கத் தையல் ஒரு புறமும், அதற்கடியில் வரும் ப்ளாக்கின் மேல்பக்கத் தையல் மறுபுறமும் சாய்ந்திருக்கும். பக்கவாட்டிலும் அப்படியே. ப்ளாக்குகளை எந்த வரிசையில் அடுக்கினாலும் அவை ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். குவில்ட் முழுக்க எந்தத் தையல் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை.

பிரிச்சுப் பார்த்துட்டேன், சுழலவே மாட்டேங்குது.

மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். ஒன்று, இரண்டு வரிசையையும் ஒரே பக்கம் சாய்த்திருப்பீர்கள், அந்த 9, 3, 3, 1 விவகாரம். அப்படியிருந்தால் ரவுண்டானாவில் ஒரு வண்டி எதிர்த்திசையில் நிற்கிறது, மற்றவை எப்படிச் சுற்றும்? நீளத் தையலைப் பிரித்து ஒரு வரிசையை மறுபக்கம் திருப்பி மறுபடி தைப்பதுதான் வழி. இரண்டு, ஆரம்பத்திலும் முடிவிலும் முன்பின் ஓட்டி முடிச்சுப் போட்டிருப்பீர்கள். உடை தைக்கும் பழக்கம் அது, ப்ளாக்கில் தேவையே இல்லை, அடுத்த தையல் குறுக்கே வந்து பூட்டிவிடும். மூன்று, ஓரத்துக்கு ஓவர்லாக் அடித்திருப்பீர்கள். அதற்குப் பதிலே இல்லை, அடுத்த ப்ளாக்கில் அடிக்காதீர்கள்.

கால் இஞ்ச்னா சரியா கால் இஞ்ச்தானா? ஒரு நூல் முன்ன பின்ன இருந்தா என்ன ஆகும்?

சரியாகக் கால் இஞ்ச் தைத்தாலே ப்ளாக் சிறிதாகிவிடும் என்பதுதான் வேடிக்கை. மடிப்பு திரும்பும் இடம் கொஞ்சம் துணியைத் தின்றுவிடும், நூலும் கொஞ்சம் இடம் பிடிக்கும். அதனால் கால் இஞ்சுக்கு ஓரிரு இழை குறைவாகத் தைக்க வேண்டும். எவ்வளவு குறைவு என்பது உங்கள் துணியையும் நூலையும் பொறுத்தது, அளந்துதான் தெரியும். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி நீளவாக்கில் சேர்த்துத் தைத்து அழுத்துங்கள். மொத்த அகலம் மூன்றரை இஞ்ச், நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்ச் இருக்கவேண்டும். நடுப்பட்டை குறைந்தால் ஓரம் அதிகமாகப் போயிருக்கிறது.

ப்ளவுஸ் நன்றாகத் தைப்பவர்களுக்குத்தான் இது முதலில் கஷ்டம். பின்னால் பிரித்து விட இருக்கட்டும் என்று அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் உள்ளே விட்டே பழகிய கை. உஷாவோ மெரிட்டோ சிங்கரோ, காலால் மிதிக்கும் சாதா மெஷினில் குவில்ட்டுக்கான தனி மெஷின் கால் இல்லையே என்று கவலை வேண்டாம். ஊசியை மெதுவாக இறக்கி, ஊசியிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து, தட்டின் மேல் நாலைந்து அடுக்கு டேப் ஒட்டிச் சின்னத் திண்டாக்கிவிடுங்கள். துணி அதில் உரசிக்கொண்டே போகும். நூலும் மெல்லியதாக இருக்கட்டும், ஜீன்ஸுக்கு வாங்கிய தடிநூலைப் போட்டுவிட்டு நடு தடிக்கிறது என்று கேட்டால் என்ன சொல்ல.

காத்தாடி ப்ளாக்ல முனை எல்லாம் மழுங்கிப்போகுது, நடுவும் குண்டா நிக்குது. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு வழி சொல்லுங்க.

காற்றாடி ப்ளாக்கில் எட்டு முக்கோணங்கள் ஒரு புள்ளிக்கு வருகின்றன, நாலு சதுரக் கணக்கைவிட இங்கே கூட்டம் அதிகம். அதனால் ஆரம்பத்திலிருந்தே துணியைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். இரண்டு முக்கோணம் சேர்த்த சதுரத்தின் மூலைகளில் நாய்க்காது மாதிரி சின்ன முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றை ஒன்றுவிடாமல் வெட்டுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டால் நடுவில் அவை எல்லாம் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். முடிந்தபின் 4 இஞ்ச் வரவேண்டிய இந்த இரண்டு முக்கோணச் சதுரத்துக்கு வெட்டவேண்டிய புத்தகக் கணக்கு 4 இஞ்சும் எட்டில் ஏழும். நான் 5 இஞ்ச் சதுரமாகவே வெட்டி, இரண்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, குறுக்குக் கோட்டின் இரு பக்கமும் தைத்து, வெட்டிப் பிரித்து, அழுத்திய பிறகு நாலரை இஞ்சுக்குச் சீவிவிடுவேன். சீவும்போது ஸ்கேலின் குறுக்குக்கோடு தையல் மேலேயே இருக்கவேண்டும். முனை மழுங்குவதில் பாதி இங்கேதான் தீர்கிறது.

கடைசித் தையலுக்கு, இரண்டு பாதியின் முனைப்புள்ளிகளிலும் ஒரு குண்டூசியை நேராகக் குத்தி நிறுத்துங்கள், அதன் இருபுறமும் வேறு ஊசி குத்திப் பிடித்தபின் நடு ஊசியை எடுத்துவிடுங்கள். தைக்கும்போது மேலே தெரியும் பழைய தையல்கள் பெருக்கல் குறி மாதிரி ஒன்றையொன்று வெட்டும். மெஷின் ஊசி அந்தக் குறியின் நடுவிலோ, ஓரப் பக்கமாக ஒரே ஒரு இழை தள்ளியோ போகவேண்டும். உள்பக்கமாகப் போனால் முனை வெட்டுப்படும். அப்புறம் மேலே சொன்ன அதே சுழற்றல். பிரிக்கவேண்டிய கண்ணிகள் இங்கே குறுக்குத் தையல்களிலும் ஒன்றிரண்டு இருக்கும், பின்னால் குட்டிக் காற்றாடி தெரியும்வரை பாருங்கள். அது தெரிந்த நாளில் எனக்குப் படம் அனுப்பாதவர் யாரும் இல்லை.

மேடு இல்லைக்கா, ஆனா நடு தொப்பி மாதிரி எழும்பி நிக்குது.

முதல் பதிலில் சொன்ன காற்றுப் பை இதுதான். நடுவில் இருக்கும் துணிக்கு வெளிச்சுற்றில் இடம் போதவில்லை, அதனால் மேலே எழும்புகிறது. இதற்கு நேர்மாறாக வெளிச்சுற்றில் துணி அதிகமாகிவிட்டால் நடு படுத்திருக்கும், விளிம்பு கருவாடு மாதிரி நெளியும். எது உங்களுக்கு என்று பார்த்தால் தவறு எங்கே என்று தெரிந்துவிடும்.

தொப்பிக்கு வழக்கமான காரணம், வெளி விளிம்பில் கால் இஞ்ச் சரியாகப் பிடித்து ஆரம்பித்து, நடுவை நெருங்கும்போது கை தளர்ந்து ஓரம் குறைந்துவிடுவது. எட்டுத் தையலில், ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் தப்பினால் மொத்தம் 8 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அரை விரல் அகலத் துணி. ஒரு தையலில் பார்த்தால் தெரியவே தெரியாது. நெளிவுக்கு இதன் எதிர்.

இன்னொரு காரணம் கிராஸ். கிராஸ் கட் ப்ளவுஸ் உடம்போடு இழைவது எதனால்? குறுக்காக வெட்டிய துணி இழுத்தால் நீளும். முக்கோணத்தின் நீளப்பக்கம் முழுக்க கிராஸ்தான். அதன்மேல் ஆவிப்பெட்டியை இழுத்துத் தேய்த்தால் அது நீண்டுபோகும், நீண்டது நீண்டதுதான். தண்ணீர் தெளித்துக் கட்டைக்கடியில் ஆறவிட்டால் கொஞ்சம் சுருங்கி வரும். முழுசாக வராது.

அப்ப கஞ்சி போட்டா நீளாதா?

நீளாது, போடுங்கள். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் போடவேண்டும். துணியைத் துவைத்துச் சுருங்கவைத்து, கஞ்சியில் அலசி, காயவைத்து, ஓரளவு காகிதம் மாதிரி விறைப்பாக்கிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். தைத்த ப்ளாக்குக்குக் கஞ்சி தெளித்தால் நனையும்போது ஏற்கெனவே இருக்கும் கோணல் அப்படியே விறைத்து நிற்கும். சோற்றுக்கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ கடையில் விற்கும் பவுடரோ எதுவும் சரி. கஞ்சித் துணியை மாதக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள், கரப்பானும் பூச்சியும் தேடி வரும். குவில்ட் முடிந்ததும் ஒரு முறை அலசிவிடுங்கள்.

ஒன்பது கட்ட ப்ளாக்குக்கும் சுழற்றணுமா?

வேண்டியதில்லை. அங்கே நடுவில் ஒரு முழுச் சதுரம் உட்கார்ந்திருக்கிறது, சந்திப்புகள் நாலும் தள்ளித்தள்ளி இருக்கின்றன. முதல் மூன்றாம் வரிசையை வெளிப்பக்கமும் நடு வரிசையை உள்பக்கமும் சாய்த்தால் போதும். சுழற்றியே தீருவேன் என்றால் சுழற்றலாம், பக்கத்துப் பக்கத்துச் சந்திப்புகள் எதிரெதிர்த் திசையில் சுழலும், பயந்துவிடாதீர்கள்.

எட்டு முனை நட்சத்திரம் தைச்சேன், நடுவுல சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. இதுக்கு மேல இதைத் தொடவே மாட்டேன்.

தொடுங்கள், தப்பு உங்களுடையது இல்லை. எட்டு வைரத்துண்டுகள் சேரும் இந்த நட்சத்திரத்தைச் சதுரம் மாதிரி விளிம்பிலிருந்து விளிம்புவரை தைத்துக்கொண்டே போனால் கட்டி வரத்தான் செய்யும். ஒவ்வொரு தையலும் முந்தைய ஓரத்தைக் குறுக்கே தைத்து நகரவிடாமல் கட்டிப்போட்டுவிடுகிறது. வைரத்தின் மூலைகளில் விளிம்பிலிருந்து கால் இஞ்ச் உள்ளே பென்சிலால் புள்ளி வையுங்கள். புள்ளியில் ஆரம்பித்துப் புள்ளியில் நிறுத்துங்கள். இரண்டிரண்டாக நாலு ஜோடி, ஜோடிகளைச் சேர்த்து இரண்டு பாதி, கடைசியில் ஒரே நேர்த்தையல். அந்த நேர்த்தையலிலும் நடுவை நெருங்கும்போது மற்ற ஓரங்களைத் தள்ளிப் பிடித்து, அவை தையலுக்குள் சிக்காமல் பாருங்கள். ஓரங்கள் நடுவில் கட்டில்லாமல் நின்றால் எட்டும் ஒரே பக்கமாகச் சுழலும், பின்னால் குட்டி நட்சத்திரம் விரியும். பிரிக்கும் வேலைகூட இல்லை.

வெட்டுவதிலும் கண் இருக்கட்டும். எட்டு 45 டிகிரி சேர்ந்தால்தான் 360. ஒவ்வொரு துண்டும் ஒரு டிகிரி குறைந்தால் எட்டு டிகிரி குறைந்து தொப்பி வரும், ஒரு டிகிரி கூடினால் நெளியும். அட்டை வைத்துச் சுற்றி வரைந்து கத்தரியால் வெட்டினால் இந்த ஒரு டிகிரி சுலபமாகத் தப்பும். ஸ்கேலும் ரோட்டரி கட்டரும் (உருளும் வட்டக் கத்தி) இந்த ப்ளாக்குக்கு மட்டுமாவது கடன் வாங்குங்கள்.

கையாலதான் தைக்கிறேன், எனக்கும் இதே பிரச்சினை வருமா?

உங்களுக்குக் குறைவு. கைத்தையலில் சந்திப்புக்கு வந்ததும் ஓரத்தைத் தைக்காமல், ஊசியை ஓரத்தின் அடிவழியே மறுபக்கம் குத்தி எடுத்து, அங்கே ஒரு பின்தையல் போட்டு நகரலாம். எல்லா ஓரமும் கட்டில்லாமல் ஆடும், முடிவில் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் படுக்கவைக்கலாம். நட்சத்திரப் பதிலில் மெஷினை வைத்துச் செய்ததே இந்தக் கைத்தையல் முறையின் நகல்தான்.

நடுச்சந்திப்பே இல்லாத குவில்ட்டும் உண்டு, தெரியுமா? கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குவில்ட்டில் துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதில்லை. அடித்துணியின் மேல் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சம் மேல்படிய வைத்து, வெளி விளிம்பில் ஆரம்பித்து ஓட்டுத்தையலாகச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். கணக்கு, கோணம், கால் இஞ்ச் எதுவும் கிடையாது. ப்ளாக் தைத்து வெறுத்துப்போகும் நாட்களில் நான் அதைத்தான் கையில் எடுக்கிறேன்.

வெள்ளைத் துணிக்கு அடியில கருப்பு ஓரம் நிழல் மாதிரி தெரியுது. சுழற்றினதால வந்ததா?

ஆமாம், அதுதான் சுழற்றலின் ஒரே கெட்ட குணம். ஓரங்கள் ஒரே திசையில் சுற்றும்போது இரண்டு வெளிர்ச் சதுரங்களுக்கடியில் அடர்நிற ஓரம் போய்ப் படுத்தே ஆகவேண்டும். அங்கே அடர்நிற ஓரத்தை மட்டும் வெளிர் ஓரத்தைவிட ஓரிரு இழை குறுகலாகச் சீவிவிடுங்கள், வெளிர்த் துணி அதை மூடிக்கொள்ளும். டூ பை டூ மாதிரி மெல்லிய ப்ளவுஸ் துணியில் இதுவும் உதவாது. அதற்குப் பதில் பாப்ளின் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவோட பழைய புடவை, கலம்காரி, காதி எல்லாம் கலந்து தைக்கிறேன். தடிமன் ஏறுமாறா இருக்கு.

கலக்கலாம், தடித் துணி நடுவில் சந்திக்காதபடி வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். காதியும் தடித்த கைத்தறியும் இருந்தால் பட்டை பட்டையாகச் சுற்றிவரும் ப்ளாக்கோ பெரிய சதுரமோ நல்லது. காற்றாடியும் நட்சத்திரமும் மெல்லிய பருத்திக்கு. ஒரு ப்ளாக்குக்குள் தடித்ததும் மெல்லியதும் வந்துவிட்டால் ஓரத்தை மெல்லிய துணி பக்கமாகச் சாய்ப்பது சுலபம் என்று தோன்றும், ஆனால் தடித்த ஓரம் மெல்லிய துணியில் வரப்பு மாதிரி எழும்பித் தெரியும். தடித்ததன் பக்கமே சாய்த்து, முரண்டு பிடித்தால் விரித்துவிடுங்கள். பழைய புடவை சில இடத்தில் நைந்திருக்கும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். நைந்த இடம் நடுச்சந்திப்பில் வந்தால் பிரித்துத் தைக்க வழியே இல்லை.

சுத்தியலால அடிக்கலாமா? சிரிக்காதீங்க, நிஜமாத்தான் கேக்கறேன்.

சிரிக்கவில்லை. ஜீன்ஸ் கால் மடிக்கும் டெய்லர் தையல் சந்திக்கும் இடத்தைச் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் மெஷினுக்குக் கொண்டுபோவார், பார்த்திருப்பீர்கள். குவில்ட்டிலும் செய்கிறார்கள். கெட்டித் தரையில் மரப்பலகை, அதன் மேல் ப்ளாக், மேலே ஒரு பழைய துணி, மரச் சுத்தியலால் மெதுவாக நாலு தட்டு. இரும்புச் சுத்தியலின் விளிம்பு பட்டால் இழை அறுந்துவிடும். இது சுழற்றியபின் மிச்சமிருக்கும் தடிமனுக்கு, சுழற்றாமல் தப்பிப்பதற்கு இல்லை.

எல்லா ப்ளாக்கையும் சேர்த்து மேல்துணி முடிஞ்சாச்சு. இப்பத்தான் இதைப் படிச்சேன். பிரிக்கணுமா?

முழுக்கப் பிரிக்காதீர்கள். சாய்த்த திசை எதிரெதிராக அமைந்திருந்தால் (7, 5, 3, 1) முடிந்த மேல்துணியிலும் சுழற்றலாம். நடுவில் பிரிப்பது மூன்று கண்ணிதானே. ஆனால் நீளத் தையலின் மறுமுனை அடுத்த ப்ளாக்கோடு தைபட்டிருக்கும், அதனால் நடுவிலிருந்து ஓரிரு இஞ்ச் தூரம்தான் ஓரம் திரும்பும், பாதி வழியில் ஒரு முறுக்கு விழும். பெரிய ப்ளாக்கில் அந்த முறுக்கு தெரியாது, சின்ன ப்ளாக்கில் மேட்டுக்குப் பதில் முறுக்கு மிஞ்சும், கை வைக்காமல் இருப்பதே மேல்.

கை வைக்க முடியாத இடங்களில், பஞ்சு வைத்துத் தைக்கும்போது நடுப்புள்ளி வழியே ஊசியை ஓட்டாமல் கால் இஞ்ச் தள்ளிச் சுற்றிப் போங்கள். சுற்றியுள்ள துணி கீழே அமுங்கினால் தொப்பி வகைக் காற்று பெரும்பாலும் அடங்கிவிடும், பருத்திப் பஞ்சாக இருந்தால் முதல் துவைப்பில் எல்லாமே லேசாகச் சுருங்கி இன்னும் மறையும். கெட்டியான மேடு துவைத்தாலும் போகாது. அதன் மேல் ஒரு வட்டத் துணி வைத்துத் தைத்துவிடலாம். இதழ் இதழாக விரியும் டிரெஸ்டன் தட்டு ப்ளாக்கில் நடுவை அப்படி வட்டத்தால் மூடுவதுதான் வழக்கமே. குழந்தைக்கான குவில்ட் இல்லையென்றால் ஒரு பட்டனும் தைக்கலாம். என் முதல் குவில்ட்டில் பன்னிரண்டு பட்டன் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் நான் அழகுக்காக வைத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.